அடுப்பு மூட்டாத காலைக்கு மிட்டோ லோலோ

ரொட்டிக்கு மா குழைப்பது எப்படி என்று வன்னியில் யாருக்கும் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கைப்பழக்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் மிட்டோ லோலோவுக்கு வர வேண்டும். இது சிந்திகளின் இனிப்பு ரொட்டி. தடிப்பானது, பிட்டால் பொலபொலவென்று உடைவது. நம் ரொட்டிக்கு அடித்துக் குழைப்பதுபோல் இதையும் குழைத்தால் பல்லுக்கு வேலை வைக்கும் ஒரு தட்டுத்தான் மிஞ்சும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கொழும்பு பிரதான வீதியில் ஒரு சிந்தி முதலாளியின் புடைவைக் கடையில் கணக்கெழுதினேன். கடைக்கு மேல்மாடியில் அவர்கள் வீடு. முதலாளியின் தாயார் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் பிறந்து, 1947 பிரிவினையோடு ஊரை விட்டு வந்தவர். அவருக்குச் சமையல் தமிழும் புடைவைத் தமிழும் நன்றாகத் தெரியும். வேறு தமிழ் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மாடியேறிப் போகும்போது அவருடைய அடுப்படியில் நின்று பார்த்ததைத்தான் இப்போது மல்லாவியில் என் வீட்டில் செய்கிறேன்.

முதலில் மா. இங்கே கடையில் கோதுமை மா என்று கேட்டால் வெள்ளை மாவைத்தான் நிறுத்துத் தருவார்கள். அது இதற்கு ஆகாது. தவிட்டோடு அரைத்த ஆட்டா மா என்று கேட்டு வாங்குங்கள். ஐந்து லோலாவுக்கு (ஒன்று என்றால் லோலோ, பல என்றால் லோலா) மா 300 கிராம், நெய் 75 கிராம், சர்க்கரை (வெல்லம்) 110 கிராம், தண்ணீர் 90 மில்லிலீற்றர், ஏலக்காய் ஐந்து, ஒரு சிட்டிகை உப்பு. சுடும்போது தடவுவதற்கு இன்னும் கொஞ்சம் நெய். அளவைப் பார்த்து நெய்யைப் பாதியாகக் குறைக்க நினைப்பவர்கள் இட்டலி அவிப்பது நல்லது.

சிந்திகள் சீனியும் போடுவார்கள், சர்க்கரையும் போடுவார்கள். என் வீட்டில் பனங்கட்டி. அதில் மண்ணும் சுண்ணாம்பும் கிடக்கும் என்பதால் தண்ணீரில் இட்டுச் சூடாக்கிக் கரைத்தவுடன் துணியில் வடித்துவிட வேண்டும். பாகு பதம், கம்பிப் பதம் எதுவும் தேவையில்லை. கட்டி கரைந்தால் போதும். கரைசல் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை மாவின் பக்கம் கொண்டுவராதீர்கள். சூடாக ஊற்றினால் மா பிசின்போல் பிடித்துக்கொள்ளும்.

கரைசல் ஆறுவதற்குள் நெய்யை மாவில் தேய்க்க வேண்டும். ருசி முழுவதும் இந்த இடத்தில்தான். மா, உப்பு, பொடித்த ஏலக்காய் மூன்றையும் அகன்ற சட்டியில் கலந்து, நெய்யை விட்டு, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் மாவை எடுத்து மெல்லத் தேய்த்துத் தேய்த்து விழவிடுங்கள். முதலில் அங்கங்கே ஈரத் திட்டாகத் தெரியும். பிறகு திட்டுகள் மறைந்து மா முழுவதும் ஈர மணல்போல் ஆகும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள்: விரல் தடம் பதிந்து கட்டியாக நிற்க வேண்டும், பெருவிரலால் ஓர் அமத்து அமத்தினால் உதிர வேண்டும். மாவின் ஒவ்வொரு துகளிலும் நெய் பூசிவிட்டால் தண்ணீர் உள்ளே போய்ப் பசை இழுக்காது. அதனால்தான் லோலோ உடையும், இழுபடாது. மார்கழிப் பனியில் நெய் உறைந்து கிடந்தால் உருக்கித்தான் விட வேண்டும். உருக்கிய நெய்யைக் கொதிக்கக் கொதிக்க விடாதீர்கள்.

இனிக் கரைசல். இரண்டு மேசைக்கரண்டி மிச்சம் வைத்துக்கொண்டு மற்றதை ஊற்றி, விரல் நுனிகளால் கூட்டிச் சேருங்கள். மா ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். சேராமல் உதிர்ந்தால் மட்டும் மிச்சத்தைத் தெளியுங்கள். நான் பக்கத்தில் நின்று உதவப் போனால் அந்த அம்மா, “தம்பி, மாவை விடு, அது உன் எதிரி இல்லை” என்பார். பத்து நிமிடம் மூடி வைத்தால் மா தானாகப் பதத்துக்கு வரும்.

ஐந்து உருண்டையாகப் பிரித்து, நெய் தடவிய வாழையிலைத் துண்டில் வைத்துக் கையால் தட்டுங்கள். உள்ளங்கையைவிடச் சற்று அகலம். தடிப்பு கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. விளிம்பு வெடிக்கும், வெடிக்கத்தான் வேண்டும். வெடித்த இடத்தை விரலால் அணைத்துவிட்டால் சரி. பிறகு கத்தி நுனியால் மேலே குறுக்கும் நெடுக்குமாக ஆழமில்லாத கோடுகள். பார்க்க அழகு என்பது ஒருபுறம். ஆவி அந்த வழியால் வெளியேறும், நெய் அந்த வழியால் இறங்கும்.

சுடுவதற்குத் தோசைக்கல் போதும், ஆனால் நெருப்பு மிகமிகச் சின்னதாக இருக்க வேண்டும். பாலை விறகு எரிக்கிறவர்கள் கொள்ளிகளை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் மட்டும் சுடுங்கள். அந்தத் தணலே அதிகம் என்றால் சாம்பலை மேலே தள்ளுங்கள். முதலில் நெய் விடாமல் இரண்டு பக்கமும் நிறம் மாறும்வரை வாட்டி, அதன்பிறகு கரண்டியால் நெய்யைக் கோடுகளில் விட்டு, திருப்பித் திருப்பி, ஒன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். இனிப்புச் சேர்ந்த மா ஆகையால் அவசரப்பட்டால் மேலே கருகி நடுவில் பச்சையாக இருக்கும். பனங்கட்டி போட்டவர்கள் நிறத்தை நம்ப வேண்டாம், அது முதலிலேயே கறுப்பு. நடுவில் தட்டகப்பையால் அமத்திப் பாருங்கள். பள்ளம் விழாமல் எதிர்த்து நின்றால் வெந்துவிட்டது. சூட்டோடு தூக்கும்போது உடையும் என்பதால் தட்டகப்பையை முழுவதும் அடியில் கொடுத்துத்தான் இறக்க வேண்டும்.

சூடாகவும் சாப்பிடலாம். ஆனால் சிந்திகள் தத்ரி நாளில் இதை ஆறவைத்துத்தான் சாப்பிடுவார்கள். ஆவணி அவிட்டப் பௌர்ணமி கழிந்து ஏழாம் நாள் வரும் பண்டிகை அது. சீதளா மாதாவுக்கு உரிய நாளாகையால் அன்று அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. எல்லாம் முதல் நாளே சமைத்துவிடுவார்கள். அம்மை நோய்க்குரிய தெய்வம் அவர். அம்மாள் வருத்தம் வந்த வீட்டில் தாளிக்காமல், பொரிக்காமல் குளிர்ச்சியாக உண்ணும் நமக்கு இது புதிதாகத் தெரியாது. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980 இல் அறிவித்துவிட்டது. லோலோ மட்டும் ஒழியவில்லை.

எனக்கு இதனால் உள்ள லாபம் வேறு. அரிவி வெட்டுக் காலத்தில் விடியப்புறம் வயலுக்குப் போகும்போதும், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகும்போதும் பையில் இரண்டு லோலா இருந்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. வீட்டில் என்றால் எருமைத் தயிர். கட்டியாக, கொஞ்சம் புளித்த முட்டித் தயிர். அந்தப் புளிப்பு நெய்யையும் இனிப்பையும் அடக்கும். அந்த அம்மா தயிரோடு ஊறுகாயும் வைப்பார், எனக்கு அது ஒத்துவரவில்லை. சீனி வியாதிக்காரர்கள் கால் துண்டோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

மிச்சத்தை நன்றாக ஆறவிட்டுத் தகர டின்னில் போடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று நான்கு நாள் தாங்கும். எறும்புக்கு டின்னைத் தண்ணீர்த் தட்டில் வைக்க வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு உயரத்தில் வைக்க வேண்டும்.