டார்ச்சுக்கு எல்இடி தேர்வு: சிஆர்ஐ 90 என்று போட்டிருந்தால் போதுமா?

உடல், டிரைவர் (எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்), பேட்டரி எல்லாம் முடிவாகி, எல்இடி மட்டும் பாக்கி என்று வைத்துக்கொள்கிறேன்.

1. டேட்டாஷீட்டில் பார்க்க வேண்டியவை

சிஆர்ஐ என்பது ஒரு வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரிகின்றன என்பதற்கு 100க்குத் தரும் மதிப்பெண்; எட்டு மங்கலான நிறங்களின் சராசரி. அடர் சிவப்பான ஆர்9 அந்தக் கணக்கில் சேராது. அதனால் சிஆர்ஐ நன்றாக இருந்தும் தோலும் மரமும் வெளிறித் தெரியலாம். நிச்சியா கம்பெனி எல்இடியில் ஆர்9080 என்று குறியீடு இருந்தால் சிஆர்ஐ குறைந்தது 90, ஆர்9 குறைந்தது 80. ஆர்9050 என்றால் ஆர்9க்கு 50தான் உத்தரவாதம்.

அடுத்தது டியுவி, அதாவது வெள்ளை வெளிச்சம் எந்தச் சாயல் பக்கம் எவ்வளவு விலகுகிறது என்ற எண். அது கூட்டலில் இருந்தால் வெளிச்சம் பச்சையடிக்கும்; கழித்தலில் இருந்தால் லேசாக ரோஸ் அடிக்கும். என்னைக் கேட்டால் சிஆர்ஐயில் இரண்டு புள்ளி குறைந்தாலும் பரவாயில்லை, பச்சைச் சாயல் மட்டும் எனக்குப் பிடிக்காது.

2. எதையெல்லாம் ஒப்பிடலாம்

நிச்சியா 519ஏ, சாம்சங் எல்எச்351டி, லூமினஸ் எஸ்எஸ்டி-20. மூன்றும் 3535 அளவு (3.5 மி.மீ. சதுரம்), அதனால் ஒரே மாதிரி போர்டில் உட்காரும். எல்எச்351டி நல்ல வெளிச்சம் தரும், ஆனால் பச்சைப் பக்கம் சாயும். எஸ்எஸ்டி-20க்கு ஒளிரும் பரப்பு சிறியது, தூரம் அடிக்கும். 519ஏ தூரத்தில் பின்தங்கும், நிறத்தில் என் ஓட்டு அதற்குத்தான். மூன்றையும் ஒரே கெல்வினில் (நிறவெப்பநிலையின் அலகு; எண் குறைந்தால் வெளிச்சம் மஞ்சளடிக்கும்) வாங்குங்கள். 4000ஐயும் 5000ஐயும் பக்கத்தில் வைத்தால் நிறவெப்பநிலை வித்தியாசம்தான் கண்ணில் படும்.

3. போர்டில் ஒட்டுதல்

தாமிர எம்சிபிசிபி (எல்இடி உட்காரும் உலோக போர்டு), 63/37 ஈயப் பேஸ்ட் (வெள்ளீயமும் ஈயமும் கலந்த சால்டர்; 183 டிகிரியில் உருகும்), ஹாட் பிளேட். உருகியதும் எல்இடியின் ஓரத்தை ட்வீசரால் லேசாகத் தட்டுங்கள். தானே பழைய இடத்துக்கு வந்தால் சரி. டோமை (எல்இடியின் மேலுள்ள குமிழ் போன்ற மூடி) அழுத்தக் கூடாது.

4. ஒப்பிடுதல்

பலரும் தடுமாறுவது இங்கேதான். இரண்டு வெளிச்சத்தை வெள்ளைச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் அடித்தால் கண் வித்தியாசத்தைப் பெரிதாக்கும். ரோஸ் பக்கத்தில் வைத்தால் சாதாரண வெள்ளைகூடப் பச்சையாகத் தெரியும். அதனால் ஒவ்வொன்றையும் இருட்டறையில் தனியாகச் சில நிமிடம் எரியவிட்டு, உள்ளங்கை, சிவப்புத் துணி, மரப்பலகை, இலை இவற்றைப் பாருங்கள். பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அப்புறம். போனில் படம் எடுத்தால் ஒயிட் பேலன்ஸை மேனுவலில் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் அது வித்தியாசத்தை அழித்துவிடும்.

மின்னோட்டமும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 350 மில்லியாம்பியரில் ஒரு முறை, 2 ஆம்பியரில் ஒரு முறை பாருங்கள். எஸ்எஸ்டி-20 குறைந்த மின்னோட்டத்தில் கூடுதலாகப் பச்சையடிக்கும். பிடபிள்யூஎம் டிரைவர் என்றால் கவலை குறைவு: லோ மோடிலும் அது முழு மின்னோட்டத்தையே விட்டு விட்டுக் கொடுப்பதால் சாயல் மாறாது. மின்னோட்டத்தையே குறைக்கும் டிரைவர் என்றால் 350இல் பார்த்ததை வைத்து முடிவு செய்யுங்கள்.

519ஏயின் டோமை நீக்கினால் சாயல் ரோஸ் பக்கம் போகும், தூரம் கூடும். கெல்வின் நன்றாக இறங்கும், மொத்த வெளிச்சமும் கொஞ்சம் குறையும். டோமை நீக்கும் எண்ணம் இருந்தால், கெல்வின் இறங்குவதை ஈடுகட்ட 5700 கெல்வினில் வாங்குங்கள்.

பின்சேர்க்கை: சுவரில் நன்றாக இருந்தது, டார்ச்சில் போட்டதும் பச்சையாகிவிட்டது என்று சிலர் எழுதியிருந்தார்கள். லென்ஸைக் கழற்றிப் பாருங்கள். ஊதாவாக மினுக்கும் ஏஆர் கோட்டிங் (எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு), கடந்து போகும் வெளிச்சத்தைப் பச்சைப் பக்கம் தள்ளும். கோட்டிங் இல்லாத கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். லென்ஸை மாற்ற வழியில்லை என்றால் மைனஸ் கிரீன் ஃபில்டரில் (பச்சையைக் குறைக்கும் ரோஸ் நிறத் தாள்) ஒரு துண்டு வெட்டி உள்ளே வையுங்கள்.