ஊருக்குச் செல்லும்போது உணவகத்து ஒயின் விலையை எடைபோடுவது எப்படி

சென்னையில் நட்சத்திர ஓட்டலின் ஒயின் பட்டியலைப் புரட்டும் புலம்பெயர்ந்தோர் பலர், அதே புட்டியை இலண்டனிலோ டொராண்டோவிலோ வாங்கிய விலையை மனத்துக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்துத் திகைக்கிறார்கள். அந்தக் கணக்கு தொடக்கத்திலேயே பிழையானது. இறக்குமதி ஒயினுக்கு இந்தியா நெடுங்காலமாக 150 விழுக்காடு சுங்கவரி விதித்து வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவுடனான உடன்படிக்கை 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த பின், அந்நாட்டு ஒயின்களில் குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்டவற்றுக்கு அது படிப்படியாகக் குறைந்து வருகிறது. அருந்தும் மது ஜி.எஸ்.டி. எனும் சரக்கு மற்றும் சேவை வரிக்கு வெளியே இருப்பதால், மாநில அரசின் வரிகளும் அதன்மேல் தனியே ஏறுகின்றன. இவை எதுவும் உணவகத்தின் இலாபம் அல்ல.

ஆகவே, ஒப்பிட வேண்டியது அதே மாநிலத்தின் சில்லறை விலையோடுதான். தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஊரார் 'ஒயின் ஷாப்' என்று அழைக்கும் அக்கடைகளில் பெரும்பாலும் பிராந்தியும் பீரும்தான் விற்கின்றன என்பது ஒரு வேடிக்கை. எனினும் ஒயின் கிடைக்கும் கடையில் புட்டியின்மேல் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையைப் பார்த்துக்கொண்டால், உணவகத்தின் கூடுதல் எவ்வளவு என்பது தெளிவாகும்.

அந்தக் கூடுதலை மடங்கில் மட்டும் அளப்பது ஏமாற்றும். கடையில் 1,000 ரூபாய் பெறும் புட்டியை உணவகம் 3,000 ரூபாய்க்கு விற்றால் அது மும்மடங்கு. 5,000 ரூபாய்ப் புட்டியை 8,000 ரூபாய்க்கு விற்றால் இரு மடங்குகூட இல்லை, ஆனால் உணவகத்துக்கு 1,000 ரூபாய் அதிகமாகவே மிஞ்சுகிறது. கோப்பை கழுவுவதற்கும் பரிமாறுவதற்கும் ஆகும் செலவு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், மலிவான புட்டியில் மடங்கு கூடுவது இயல்பு. விலை குறைந்ததைத் தேர்ந்தெடுப்பவர் சிக்கனம் செய்வதாக எண்ணிக்கொண்டு, குடிக்கும் ஒயினின் தரத்துக்கு மிக அதிகமாகக் கொடுப்பவராக இருக்கக்கூடும். என் கணிப்பில், உள்ளூர்ச் சில்லறை விலையைப் போல இரு மடங்கு வரை முறையிடத் தேவையில்லை. மும்மடங்கைத் தாண்டினால் அதற்கேற்ற கவனிப்பை எதிர்பார்க்கலாம்.

கோப்பைக் கணக்கு எளிது: 750 மில்லிலிட்டர்ப் புட்டியில் 150 மில்லிலிட்டர் வீதம் ஐந்து கோப்பைகள். திறந்த புட்டி சில நாள்களில் சுவை கெடுவதால், ஐந்து கோப்பைகளின் விலை முழுப் புட்டியின் விலையைச் சற்று மிஞ்சலாம். ஆனால் கோப்பையின் அளவைக் கேட்காமல் விலையை ஒப்பிடுவதில் பொருளில்லை.

நம் ஊர் வெயிலில் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும்: ஒயினை எங்கே வைத்திருந்தார்கள்? குளிரூட்டாத கிடங்கில் கோடையைக் கழித்த புட்டி, நியாயமான விலையிலும் நட்டமே. நாசிக், நந்தி மலை போன்ற இந்தியப் பகுதிகளின் ஒயினுக்குச் சுங்கவரி இல்லை என்பதால், அவற்றின் அண்மை ஆண்டு அறுவடையில் செய்த புட்டிகள் பெரும்பாலும் கொடுத்த பணத்துக்குத் தகுந்தவை.

பில் வந்ததும் இரண்டு விவரங்களைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. உணவின்மேல் மட்டுமே கணக்கிடப்பட்டிருக்க வேண்டும், மதுவின்மேல் அல்ல. சேவைக் கட்டணத்தை உணவகங்கள் தாமாகவே சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. சேர்த்திருந்தால் நீக்கித் தரும்படி பணிவாகக் கேட்கலாம்.