புது கினி பிக் பதுங்குகிறதா?

வந்த முதல் வாரம் கினி பிக் ஒளிந்துகொள்வதும், மிக்ஸி சத்தத்துக்கு அப்படியே உறைந்து நிற்பதும் பயத்தால்தான். தூக்கிக் கொஞ்சாதீர்கள், அட்டைப்பெட்டியில் இரண்டு வாசல் வெட்டிக் கூண்டுக்குள் வையுங்கள், தானே வெளியே வரும். நின்ற இடத்திலேயே எகிறிக் குதித்தால் வலிப்பு இல்லை, குஷி! பல்லை நறநறத்தால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள்.

சாப்பிடுவதையே நிறுத்திவிட்டால் விஷயமே வேறு. 'போகப் போகப் பழகிடும்' என்று காத்திருக்கக் கூடாது. அருகம்புல்லைக்கூடத் தொடாமல், புழுக்கையும் குறைந்து 12 மணி நேரம் போனால் குடல் இயக்கமே நின்றுபோகலாம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அன்றே கொண்டுபோங்கள். சில வாரம் கழித்து நொண்டினால் வைட்டமின் சி குறைவாக இருக்கலாம்; தினமும் குடைமிளகாய்த் துண்டு கொடுங்கள்.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் வீடுகளில் மதியம் நீட்டிப் படுத்து மூச்சிரைத்தால் அது சோம்பல் இல்லை, வெப்பத் தாக்கு. உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, காதுகளை ஈரத்துணியால் துடையுங்கள்.