மன்யாரா பபூன்களை பார்க்கப் போறீங்களா? இதை படிச்சுட்டு கிளம்புங்க

தான்சானியா சஃபாரி போறவங்க நிறைய பேர் லேக் மன்யாரா தேசியப் பூங்காவுக்கும் ஒரு நாள் ஒதுக்குவாங்க. கேட்டை தாண்டினதுமே அடர்ந்த காடு, ரோட்டு மேலயே பபூன் குரங்குங்க கூட்டமா உக்காந்து ஒண்ணுக்கொண்ணு பேன் பார்த்துட்டிருக்கும், குட்டி எல்லாம் அம்மா முதுகுல சவாரி. ஆனா கொஞ்சம் உத்து பாருங்க. எங்க ஜீப் பக்கத்துல நின்ன ஒரு ஆண் பபூனுக்கு பிறப்புறுப்பு பூரா புண்ணாகி சதை அரிச்சு போய் ஈ மொய்ச்சுட்டிருந்துச்சு, அதை பார்த்ததுல இருந்து மனசே ஆறல.

இந்தப் புண்ணுக்கு காரணம் ட்ரெபொனிமா பாலிடம்ங்கிற பாக்டீரியா. சிபிலிஸ் குடுக்குறதும் இதே இனம்தான், ஆனா குரங்குங்ககிட்ட இருக்குறது யாஸ் நோயை குடுக்குற வகை. யாஸ் பெரும்பாலும் சின்னப் பசங்களுக்கு வரும், புண்ணு மேல தோல் பட்டா ஒட்டிக்கும், கவனிக்காம விட்டா எலும்பு வரைக்கும் போயிடும். இந்தியால அதை ஒழிச்சுட்டோம், 2016ல டபிள்யூஎச்ஓவே அறிவிச்சாச்சு. உலகம் பூரா 2030க்குள்ள ஒழிக்கணும்னு திட்டம். பெரியம்மைக்கு விலங்குல ஒளிய இடமில்ல, அதனாலதான் அதை ஒழிக்க முடிஞ்சது, யாஸ் கிருமி காட்டுக்குள்ள குரங்கு உடம்புல இருக்குன்னா கவலைப்படாம எப்படி இருக்கறது? காட்டுக் குரங்குகிட்டருந்து மனுஷனுக்கு தொத்தினதா இதுவரைக்கும் உறுதியான கேஸ் இல்ல, அதுக்காக அலட்சியமா இருக்காதீங்க.

சாப்பாட்டை கண்ணுல படுற மாதிரி வைக்காதீங்க, ஜீப் ஜன்னலை ஏத்தியே வைங்க, பிஸ்கட் நீட்டவே நீட்டாதீங்க, கடி வாங்குறதே பெரும்பாலும் அப்படித்தான். மன்யாராவுல பிடிச்ச ஈக்கள்லயும் இந்த பாக்டீரியாவோட டிஎன்ஏ கிடைச்சிருக்கு, அதனால கை கால்ல சிராய்ப்பு இருந்தா பிளாஸ்டர் போட்டு மூடிட்டு போங்க. செல்ஃபிக்காக கிட்ட போகவே வேண்டாம், நம்ம சளி இருமல் அதுங்களுக்கு தொத்துறதும் உண்டு.

கடிச்சாலோ கீறினாலோ உடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவுங்க, மஞ்சள் சுண்ணாம்பு எதுவும் தடவாதீங்க. அன்னிக்கே ஆஸ்பத்திரி போயிடுங்க, ரேபிஸ் ஊசி டெட்டனஸ் ஊசி ரெண்டையும் கேளுங்க, ரேபிஸ்தான் முதல் ஆபத்து. ஊருக்கு வந்து சில வாரம் மாசம் கழிச்சு ஆறாத புண்ணு வந்தா ஸ்கின் டாக்டர்கிட்ட “பபூன் கடிச்சுது, தான்சானியால”ன்னு வாயை திறந்து சொல்லணும், இல்லன்னா அவருக்கு யாஸ்னு தோணவே தோணாது. கண்டுபிடிச்சுட்டா எடைக்கு ஏத்த அளவுல அசித்ரோமைசின் ஒரே ஒரு டோஸ் போதும், ஆனா நீங்களா மெடிக்கல்ல வாங்கி முழுங்காதீங்க.

புண்ணோட இருக்குற குரங்கை பார்த்தா தூரத்துல இருந்தே ஒரு போட்டோ எடுத்து, எந்த இடம்னு குறிச்சு ரேஞ்சர்கிட்ட காட்டிடுங்க.