கடலோர மைதானத்தில் சேர்ந்திசை: எங்கே சறுக்குகிறது?

ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் ராமேஸ்வரத்தை ஒட்டிய மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் கூடிப் பாடும் பாட்டு கெடுவது பெரும்பாலும் குரலால் அல்ல. மூச்சும் காற்றும்தான் காரணம்.

பாரதியின் ‘சுதந்திரப் பள்ளு’ பாட்டையே எடுத்துக்கொள்வோம். ‘ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோ மென்று’ என்று சீர் பிரித்து அச்சிட்ட தாளைக் கொடுத்தால், பிள்ளைகள் சரியாக அந்த இடைவெளியில்தான் மூச்சு வாங்குவார்கள். கேட்பவர் காதில் ‘மென்று’ தனியாக விழும். சுதந்திரத்தை வெற்றிலை போட்ட மாதிரி ஆகிவிடும். ‘அடைந்துவிட்டோமென்று’ என்று சேர்த்தெழுதி, மூச்சை ‘சுதந்திரம்’ முடிந்த இடத்தில் சிவப்பு மையால் குறித்துவிடுங்கள். அந்த ‘ம்’மிலும் ஒரு சிக்கல் உண்டு. 40 பேர் ஆளுக்கொரு நேரத்தில் உதட்டை மூடினால் தேன்கூட்டைக் கலைத்த சத்தம்தான் வரும். தாளத்தின் எந்தத் தட்டில் வாய் மூட வேண்டும் என்பதை நடத்துபவர் கையால் காட்ட வேண்டும்.

ஆசிரியர் தன் குரலுக்கு வசதியான சுருதியைப் பிடிப்பது அடுத்த தவறு. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆணுக்கு வசதியான 1 கட்டையில் சிறு பிள்ளைகளின் கீழ்ஸ்வரங்கள் காணாமல் போகும்; 5 கட்டையில் மேல்ஸ்தாயி கத்தலாகும். 2 அல்லது 3 கட்டையில் தொடங்கிப் பாருங்கள். குரல் உடைந்த பையன்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடட்டும். இரண்டாம் குரல் சேர்க்க ஆசையா? ஸ, ப என்ற இரண்டு ஸ்வரங்களை மட்டும் பிடித்து முனகினாலே போதும். மோகனம் போன்ற ஐந்து ஸ்வர ராகத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ‘அதிலிருந்து எண்ணி மூன்றாம் ஸ்வரம் மேலே’ என்று போட்டால், ரி-க்கு மேல் ராகத்திலேயே இல்லாத ம வந்து உட்காரும்.

நன்றாகப் பாடும் நான்கு பேரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு மற்ற 36 பேரை அலங்காரமாக நிறுத்துவது எங்கும் நடக்கிறது. ‘எல்லோரும் சமமென்பது உறுதியாச்சு’ என்ற வரியை அப்படிப் பாடுவது வேடிக்கைதான். அதற்குப் பதில், ஸ்டாண்டில் இரண்டு கண்டென்சர் மைக் (சற்றுத் தள்ளியிருந்தும் குரலைப் பிடிப்பவை), முன்வரிசைக்கு ஒரு மீட்டர் தள்ளி, தலைக்குச் சற்று மேலே, பின்வரிசையைப் பார்த்தபடி. பஞ்சு உறை கட்டாயம்.

ஆகஸ்டில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று, ஜனவரியில் வடக்கிலிருந்து வாடை: எது அடித்தாலும் குழுவின் முதுகில் படட்டும். பாட்டு கூட்டத்தை நோக்கிப் போகும், மூன்று வரிசை உடம்பும் மைக்குக்கு மறைப்பு. மைதானத்தின் மறுகோடி ஸ்பீக்கரை நம்பித் தாளம் போட வேண்டாம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளியிருந்தால் நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம். அதைக் கேட்டுப் பாடும் குழு வரிக்கு வரி இழுத்துக்கொண்டே போகும். பார்வை நடத்துபவர் கையில் இருக்கட்டும்.

உப்புக்காற்றில் மிருதங்கத் தோல் தளரும். முந்தின இரவே சுருதி சேர்த்து வைத்தது காலையில் உதவாது, மேடையேறும் முன் மறுபடி சேர்க்க வேண்டும்.

தேசிய கீதத்துக்கு சுமார் 52 நொடி. வெயிலில் நின்று களைத்த குழு அதை எளிதாக ஒரு நிமிடத்துக்கு இழுத்துவிடும். ஒத்திகையில் அதைக் கடைசியாகவே, நின்றபடியே பாடவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள்.