மொட்டை மாடிப் பாசி: கறையை எடுக்கப்போய்த் தளத்தைக் கெடுக்காதீர்கள்

மொட்டை மாடியில் பாசி பிடித்ததால் ஒழுகிய வீடு அபூர்வம். பாசியை எடுக்கிறேன் பேர்வழி என்று ஆசிட் ஊற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, மிஷின் வைத்துப் பீய்ச்சியடித்து, அடுத்த ஐப்பசியில் ஒழுக ஆரம்பித்த வீடுகள்தான் சென்னையில் எந்தத் தெருவிலும் கிடைக்கும். பாசி என்பது மேலே படிந்த மெல்லிய ஏடு. அதன் கீழே இருக்கும் சுண்ணாம்பும் சிமென்டும்தான் மழைத் தண்ணீரைப் படுக்கையறைக்குள் விடாமல் தடுக்கின்றன. எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டு வேலையில் இறங்குவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் மூலம்.

ஆண்டு மழையில் பாதிக்கு மேல் நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதமும் தளம் ஈரத்திலேயே ஊறி, பச்சையாகிறது. தை, மாசியில் அது காய்ந்து, கரி பூசினதுபோல் கறுத்துவிடும். கறுத்ததும் “வெயில்ல தானா செத்துப்போச்சு” என்று விட்டுவிடுகிறார்கள். சாகவில்லை. அந்தக் கறுப்பில் பெரும்பாலும் இருப்பது நீலப்பச்சைப் பாசி. வெயிலைத் தாங்குவதற்காகத் தன்னைச் சுற்றிக் கருநிற உறை ஒன்றை உண்டாக்கிக்கொண்டு, மாதக்கணக்கில் காய்ந்தபடியே கிடக்கக்கூடிய உயிரி அது. கோடை மழை நாலு தூறல் போட்டதும் மறுபடி பச்சை விடும். அன்றைக்குத்தான் துணி எடுக்கப் போனவர் வழுக்கி விழுவார்.

அதற்காகக் கறுப்பெல்லாம் பாசியும் ஆகாது. தீபாவளிக்குப் புஸ்வாணம் வைத்த வட்டம், போகிக்கு எரித்த இடம், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கிய துருக்கறை, பாதாம் மர இலை மக்கி விட்ட பழுப்பு என்று மாடியில் கறைகள் பலவகை. ஒரு மூலையில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் வெளுத்தால் பாசியோ பூஞ்சையோதான் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியே இருந்தால் அது கரியோ தூசியோ. சோப்புத் தண்ணீர் வேலை. துருக்கறையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் பலன் கிடையாது, கறை இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். கைப்பிடிச் சுவரின் அடியில் வெள்ளையாகப் பஞ்சுபோல் படிந்திருப்பதைப் பலர் பூஞ்சை என்று நினைக்கிறார்கள். தண்ணீர் தெளித்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது உப்புப் பூத்தது. சுவருக்குள் ஈரம் ஏறுகிறது என்று பொருள். மேலே என்ன தேய்த்தாலும் அது நிற்காது. ஈரம் நுழையும் விரிசலைத் தேட வேண்டும்.

ஆசிட் வைத்தியம்

மாடியை ஒரு பார்வை பார்த்ததும் வேலைக்கு வந்தவர் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “ரெண்டு கேன் ஆசிட் வாங்கிக் குடுத்துடுங்க சார், மத்தியானத்துக்குள்ள பளிச்சுனு ஆயிடும்.” ஆகும்தான், அதில் பொய் இல்லை. ஹார்டுவேர் கடையில் கிடைப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதைத் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்த தளத்தில் ஊற்றியவுடன் சுர்ரென்று நுரைத்துப் பொங்கும். பார்ப்பவர்களுக்கு அழுக்கு கழன்று வருவதுபோல் ஒரு திருப்தி. ஆனால் நுரைப்பது பாசி கிடையாது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே பூசிய சுண்ணாம்பும் சிமென்டும் அமிலத்தில் கரைந்து கரியமில வாயுவை விடுகின்றன. கழுவி முடித்த மறுநாள் அந்த இணைப்பில் கட்டைவிரல் நகத்தை வைத்துக் கீறிப் பாருங்கள். முன்பு கல் மாதிரி இருந்த இடத்திலிருந்து மணல் மணலாக உதிரும். அந்தப் பள்ளங்களில்தான் அடுத்த மழைத் தண்ணீர் தங்கும், பாசியும் முதலில் அங்கேதான் வேர்பிடித்ததுபோல் உட்காரும். ஆக, ஆசிட் போட்டு எடுத்த பாசி முன்னைவிடச் சீக்கிரம் திரும்புகிறது. கழிவறை கழுவும் திரவங்களில் பலவற்றில் இருப்பதும் இதே அமிலம்தான், அளவு மட்டும் குறைவு.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் இன்னும் நிற்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இதைச் செய்யவே கூடாது. மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு இறுக்கிய தளம் அது. மேலிருந்து கீழ்வரை சுண்ணாம்பை நம்பி நிற்கும் கூரையில் அமிலத்தை ஊற்றுவது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் வீட்டுக்காரர்களும் தப்பித்துவிட முடியாது. ஆசிட்டில் உள்ள குளோரைடு விரிசல் வழியே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர், பட்டினப்பாக்கம் போன்ற இடங்களில் கடற்காற்றே ஏற்கெனவே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாம் வேறு உதவி செய்ய வேண்டாம். பாசியின் மேல் கல் உப்பைத் தூவும் பாட்டி வைத்தியத்துக்கும் இதே ஆட்சேபணைதான்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

இதை யாரும் யோசிப்பதில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதாவது உங்கள் மாடித் தண்ணீர் தெருவுக்குப் போகவில்லை. குழாய் வழியே இறங்கி உங்கள் கிணற்றுக்கோ, போர்வெல் அருகே தோண்டிய குழிக்கோ, சில வீடுகளில் நேராகச் சம்ப்புக்கோ போகிறது. மாடியில் ஊற்றிய ஆசிட், பிளீச்சிங் பவுடர், சில கொத்தனார்கள் பாசிக்கு என்று கலந்து தரும் மயில்துத்தம் எல்லாமே அங்கேதான் போய்ச் சேரும். மயில்துத்தம் பாசியைக் கொல்லும் என்பது உண்மை. அது செம்பு உப்பு, நஞ்சு. கிணற்றில் கலந்தால் பிறகு எளிதில் எடுக்க முடியாது. கிணறு உள்ள வீட்டு மாடியில் அதைத் தொடாதீர்கள்.

பழைய துணிப்பையில் மணலை நிரப்பி மழைநீர்க் குழாயின் வாயை அடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் எளிய வழி. தேங்கும் அழுக்குத் தண்ணீரை முறத்தால் வாளியில் அள்ளிக் கழிவறையில் ஊற்றுங்கள். இரண்டு முறை நல்ல தண்ணீர் விட்டு, அதையும் அள்ளிய பிறகு அடைப்பை எடுக்கலாம். கொஞ்சம் இடுப்பு வலிக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்து “மாடியைக் கழுவிடுப்பா” என்று சொல்வதோடு நிறுத்தாமல், இந்த ஒரு விஷயத்தையாவது கூட நின்று பாருங்கள்.

பிளீச்சிங் பவுடரை இப்படித் தூவாதீர்கள்

பாசிக்கு நம் கைக்கு எட்டும் மருந்து பிளீச்சிங் பவுடர்தான். அதைத் தளத்தின் மேல் அப்படியே தூவி, மேலே தண்ணீர் தெளிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஓரிடத்தில் மலையாகக் குவியும், இன்னோர் இடத்தில் ஒன்றுமே இருக்காது, காய்ந்ததும் வெள்ளைத் திட்டு மிஞ்சும். புதிய பவுடரில் 30 சதவீதம் அளவுக்குக் குளோரின் இருக்கும். 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளிக்கு 300 கிராம் கரைத்தால் சுமார் ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும், மாடிக்கு அது போதும். அரை மணி நேரம் தெளிய விட்டு, அடியில் தங்கும் சுண்ணாம்பு மண்டியை விட்டுவிட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். பரணில் பை திறந்தபடி போன வருஷத்திலிருந்து கிடக்கும் பவுடரில் வீரியம் போயிருக்கும். வாசனை மட்டும் இருக்கும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். முந்தின நாள் மாலை தண்ணீர் விட்டு ஊற வைத்து, காலையில் பெயின்டர்கள் வைத்திருக்கும் பட்டி பிளேடாலோ தென்னந்துடைப்பத்தாலோ ஏட்டைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். தடித்த பாசியின் மேல் மருந்தை ஊற்றினால் மேல்பரப்பிலேயே குளோரின் செலவாகிவிடும், அடிப்பாசி சுகமாக இருக்கும். நேரமும் முக்கியம். சென்னை வெயிலில் 11 மணிக்குத் தெளித்த மருந்து இரண்டு நிமிடத்தில் காய்ந்து, வேலை செய்யாமலே போய்விடும். காலை 7 மணிக்குள்ளோ மாலை 5 மணிக்கு மேலோ தெளித்து, 15, 20 நிமிடம் ஈரம் போகாமல் பார்த்து, பிறகு தேய்த்துக் கழுவுங்கள். தொட்டி மூடியை இறுக்கி மூடிவிடுங்கள், செடித் தொட்டிகளை நகர்த்திவிடுங்கள். வடாம் போடும் மாடியானால் கடைசியில் இன்னொரு முறை கழுவிவிடுவது நல்லது.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே தளத்தில் சந்திக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். “திறந்த வெளிதானே, காத்துல போயிடும்” என்பார்கள். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். நாலு பக்கமும் கைப்பிடிச் சுவர் உள்ள மாடியில் அது கீழேயே தங்கும். குனிந்து தேய்ப்பவரின் மூக்கு அங்கேதான் இருக்கும். நேற்று ஒருவர் ஆசிட் போட்டுச் சரியாகக் கழுவாமல் போயிருந்தால், இன்று நீங்கள் தெளிக்கும் பிளீச்சிங் தண்ணீர் போதும் வாயு கிளம்ப. அமோனியா கலந்த கிளீனர்களோடும் சேர்க்காதீர்கள். கையுறை, கண்ணாடி, பழைய உடுப்பு, நல்ல பிடிமானமுள்ள செருப்பு இல்லாமல் வேலையில் இறங்க வேண்டாம்.

பீய்ச்சியடிக்கும் மிஷின் நன்றாக இறுகிய, விரிசல் இல்லாத கான்கிரீட் தரைக்குச் சரி. தட்டோட்டிலும் கூலிங் டைல்ஸிலும் அது இணைப்புச் சாந்தைப் பிய்த்துக்கொண்டு போகும், ஓட்டுக்கு அடியில் தண்ணீரை ஏற்றிவிடும். கம்பி பிரஷ் விட்டுச் செல்லும் இரும்புத் துணுக்குகள் அடுத்த வாரமே துருப் புள்ளிகளாகத் தெரியும்.

மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறை இருந்தால் அதன் பாசியை விட்டுவிடுங்கள். உலர்ந்த ஷீட்டைத் தேய்த்தாலும் மிஷினால் அடித்தாலும் நுரையீரலைக் கெடுக்கும் நார்கள் பறக்கும். பாசி வழுக்கலில் அதன் மேல் ஏறி நிற்பது அதைவிட ஆபத்து. பழைய ஷீட் ஆள் பாரம் தாங்காது, உடையும்போது எச்சரிக்காது.

கழுவின கையோடு வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் அடிக்கச் சொல்பவர்களும் உண்டு. ஈரத்தின் மேல் அடித்த பெயின்ட் கொப்புளம் விட்டு, உரிந்து வரும். பாசி ஒட்டியிருந்தால் பாசியோடு சேர்ந்து உரியும். நல்ல வெயிலில் சில நாள் காயவிட்டுப் பிறகு அடியுங்கள். என் ஓட்டு என்னவோ சுண்ணாம்புக்குத்தான். பாசிக்குச் சுண்ணாம்பின் காரம் ஆகாது, வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பியனுப்பி மேல்மாடிச் சூட்டையும் குறைக்கும், செலவும் கம்மி. ஒரே குறை, மழைக்குப் பின் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

பாசி வருடா வருடம் ஒரே இடத்தில் வருகிறதென்றால் மருந்தை மாற்றாதீர்கள், தண்ணீரைத் தேடுங்கள். மோட்டாரை மறந்துவிட்டு வழியும் தொட்டி, ஏசி வெளிப்பெட்டிக் குழாயின் சொட்டு, செடிப் பைகளிலிருந்து வடியும் உரத் தண்ணீர், பக்கத்து வீட்டு மாமர நிழல், இலை அடைத்த குழாய் வாய் இவற்றில் ஒன்றாக இருக்கும். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து மாடிக்குப் போய், தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். மேஸ்திரி வரும்போது அந்த வட்டத்தைக் காட்டி, அங்கே மட்டும் வாட்டம் சரிசெய்யச் சொல்லலாம். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது சரிவு இருந்தால் தண்ணீர் நிற்காது.

மருந்து வேலையைத் தை, மாசியில் முடித்துவிடுங்கள். கழுவிய தளம் காய்வதற்கு அப்போது நிறைய வெயில் பாக்கி இருக்கும். ஐப்பசிக்கு நாலு நாள் முன்னால் பிளீச்சிங் தெளிப்பது கிணற்றுக்குக் கேடு. புரட்டாசிக் கடைசியில் மாடியைப் பெருக்கி, குழாய் வாயிலிருக்கும் இலையை எடுத்து, முதல் மழைத் தண்ணீரைச் சேகரிப்புக்கு விடாமல் வெளியே திருப்பிவிட்டால் போதும்.