ஜோவாவைப் பட்டினி போடாதீர்கள்

வீட்டில் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைப்பவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஜோவாந்திட்தான், சுருக்கமாக ஜோவா, பவளத்துக்கு உறவான கடல் உயிரி. ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று பாறை முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்களாய் விரிந்து கிடக்கும், எந்தத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அப்புறம் கொஞ்ச நாளில் மூடிக்கிடக்கும் பாலிப்பை (அந்த வட்டம் ஒவ்வொன்றும் ஒரு பாலிப்) படம் எடுத்து "என்ன ஆச்சு?" என்று அனுப்புகிறார்கள். உப்பு (ஒப்படர்த்தி) 1.025, வெப்பம் 25, 26 டிகிரி, ஆர்ஓ தண்ணீர் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை, அவை சரியாக இருந்தும் செய்யும் தவறுகளைப் பற்றித்தான்.

நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யம் ஆக்குவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது, ஏனென்றால் அக்கறையோடு டேங்க் பார்த்துக்கொள்கிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். ஜோவாவின் திசுவுக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அது தயாரிக்கும் உணவில்தான் பாலிப்பின் பிழைப்பு பெரும்பாலும் ஓடுகிறது. அந்தப் பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். "கடலில் இரண்டும் இல்லாத அளவுக்குக் குறைவுதானே" என்று கேட்பார்கள். குறைவுதான், ஆனால் அங்கே மிதவை உயிரிகளும் மீன் கழிவும் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கின்றன. நம் கண்ணாடித் தொட்டிக்குள் நாம் போட்டால்தான் உண்டு.

நண்பர் ஒருவரின் டேங்க், சுமார் 200 லிட்டர். அதற்குத் தேவையானதைவிட இரண்டு மடங்கு பெரிய ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி), பாஸ்பேட்டை உறிஞ்ச ஜிஎஃப்ஓ (இரும்பு ஆக்சைடு துகள்) ரியாக்டர், மீன் மூன்றே மூன்று, சாப்பாடு ஒருநாள் விட்டு ஒருநாள். ராஸ்டா என்ற ஜோவா வகையை ஒரு பாலிப்புக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கி வைத்திருந்தார். முதலில் பாலிப்பின் ஓரத்து விளிம்பு இழைகள் குட்டையாகின, பிறகு நடுவட்டம் சுருங்கியது, கூட்டத்தின் ஓரத்தில் இருந்தவை மூடிக்கொண்டு உள்ளே இருந்தவையும் ஒவ்வொன்றாக மூடின. தண்ணீர் அழுக்காகிவிட்டது என்று முடிவுகட்டி, இன்னும் அதிகமாகத் தண்ணீர் மாற்றி, ஜிஎஃப்ஓவையும் கூட்டினார். பட்டினியில் கிடப்பதற்குப் பேதி மருந்து கொடுத்த கதைதான்.

அடுத்து வந்தது டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிரி. பாறையிலும் மணலிலும் காற்றுக்குமிழ் கோத்த பழுப்புச் சளி, காலையில் மெலிந்து மாலையில் தடித்து நிற்கும். நத்தைகள் சாக ஆரம்பித்தன. ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, விதை போன்ற செல்கள் கட்டிப்போட்டதுபோல் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. டைனோஃப்ளாஜெல்லேட்டில் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற வகை அப்படித்தான் சுற்றும். மற்ற பாசிகளுக்குச் சாப்பாடு இல்லாத டேங்கில் இடம் பிடிப்பதில் கெட்டிக்காரன் அது.

ஜிஎஃப்ஓவைக் கழற்றுங்கள், மீனுக்குத் தினமும் சாப்பாடு போடுங்கள். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பிபிஎம் இருக்கட்டும். அப்படியும் ஏறாவிட்டால் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தனித்தனியாகச் சேர்த்து, அடிக்கடி டெஸ்ட் பண்ணி, மெதுவாக ஏற்றுங்கள். கண்ணாடியில் பச்சைப் பாசி படர்ந்திருக்க, டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டினால் அதை நம்பிவிடாதீர்கள்: பாசி தின்றது போக மிச்சத்தைத்தான் கிட் காட்டுகிறது. நண்பரின் டேங்க் தேறிவிட்டது, ராஸ்டாவில் பாதிகூடத் தேறவில்லை.

வெந்நீர்

வேண்டாத பாலிப்பை அழிக்கப் பாறையைக் கொதிக்கவைப்பது, கொதிநீர் ஊற்றுவது: செய்யவே கூடாது. ஜோவாவின் நெருங்கிய உறவான பாலிதோவா இனங்களில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். ஹவாயில் 1971-இல் பிரித்தெடுத்தார்கள். செல்களின் சோடியம்-பொட்டாசியம் பம்பையே திறந்த ஓட்டையாக்கிவிடும் நஞ்சு, முறிவு மருந்து கிடையாது. சூட்டில் அழியாது, ஆவியோடும் தெறிக்கும் துளிகளோடும் அறைக்குள் பரவும். வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. வாயில் உலோகக் கசப்பு, காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் எல்லோரும் உடனே வெளியே வந்து, டாக்டரிடம் பாலிடாக்சின் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். எது ஜோவா, எது பாலிதோவா என்று கண்ணால் உறுதியாகச் சொல்வது கஷ்டம், ஆகவே எதை வெட்டினாலும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள்.

ஒரு டிப் போதும் என்பது

போதாது. டிப் என்றால் புதிதாக வாங்கிய ஜோவாவைப் பூச்சி நீக்கும் கரைசலில் முக்குவது. ஜோவாவையே தின்னும் நூடிபிராங்க் என்ற ஓடில்லாத கடல் நத்தை, தான் தின்ற பாலிப்பின் நிறத்திலேயே இருக்கும். டிப்பில் அது விழும், முட்டை விழாது. ஜோவா ஒட்டி வந்த பிளக்கை (சின்ன அடிக்கல்லை) கழற்றி எறியுங்கள், அடிப்பக்கம் வெள்ளைச் சுருளாய் ஒட்டியிருக்கும் முட்டைகளைச் சுரண்டுங்கள், தனி டேங்கில் வைத்து வாரம் ஒருமுறை டிப்பைத் திரும்பச் செய்யுங்கள்.

முதல் நாளே முழு லைட்

வேண்டாம். கீழே வைத்துத் தொடங்குங்கள். தண்டு நீண்டு மேலே எட்டிப்பார்த்தால் ஒரு படி ஏற்றுங்கள்.

எல்லா நிறத்தையும் ஒரே பாறையில் ஒட்டுவது

வேகமாகப் பரவும் மலிவு வகை, விலை உயர்ந்ததன் மேல் ஏறி மூடிவிடும். தனித்தனிக் கல்லில் ஒட்டி, நடுவே வெறும் மணல் விடுங்கள்.